இரண்டு தூணுக்கு நடுவில் யார் தாங்குவது?

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒருநாள் ஆந்தோங் பக்கம் போங்ஜொங்சா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். தேகுவில் வேலைக்கு வந்த இந்த ஏழு வருடத்தில் பத்துத் தடவையாவது போயிருப்பேன். வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். கொரியாவில் இன்று நிற்கிற மரக் கட்டடங்களிலேயே பழையது என்று ஆசைகாட்டிச் சரிவில் நடத்திப்போய், மன்சேரு மண்டபத்துக்கு அடியில் நுழைந்து படியேறி, இடது கைப்பக்கம் திரும்பினால், சின்னதாக ஒரு கட்டடம் நிற்கும். முன்பக்கம் மூன்று அங்கணம் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட இடம் ஒரு அங்கணம்), நடுவில் ஒரு கதவு, அதன் இரண்டு பக்கமும் மரச்சட்டம் போட்ட சன்னல், மேலே இரண்டு சாய்ப்பாக இறங்கும் ஓட்டுக் கூரை. அவ்வளவுதான். "இதுவா?" என்று என் மைத்துனன் வாய்விட்டே கேட்டான்.

அந்த 'இதுவா'வுக்குப் பதிலாகத்தான் ஒரு சொற்பொழிவு தயாராக வைத்திருந்தேன். குங்னாக்ஜொன் என்கிற அந்தக் கட்டடத்தின் முன்னால் ஆளை நிறுத்தி, தூண் தலையைப் பார்க்கச் சொல்வேன். கூரையை ஏந்துகிற மரக் கட்டு தூண் தலையில் மட்டும் இருக்கிறது, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, இந்தப் பாணிக்கு ஜூசிம்போ என்று பெயர். அப்புறம் பக்கத்து முற்றத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கே நிற்கும் தேயுங்ஜொன்னில் தூண் தலையிலும் மரக் கட்டு, நடுவிலும் மரக் கட்டு, இறவாரத்துக்குக் கீழே நெடுகிலும் கொத்துக் கொத்தாகத் தொங்குவதுபோல இருக்கும். இது தாபோ. 'தா' என்றால் பல. இந்த மரக் கட்டைக் கொரிய மொழியில் கோங்போ என்கிறார்கள். நான் போதிகை என்றே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் தூண் தலையில் உட்கார்ந்து மேலே வருவதை ஏந்துகிற உறுப்புக்கு நம்மிடம் இருக்கிற பக்கத்துச் சொல் அதுதான்.

கடைசியில் தீர்ப்பும் சொல்வேன். முதலாவது வேலைக்காரன், இரண்டாவது வேஷக்காரன். முன்னது வேட்டி சட்டை, பின்னது மாப்பிள்ளைக் கோட்டு. கேட்பவர்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள். எனக்கும் அது நன்றாக வாய்த்த உவமை என்று ஒரு பெருமை. இரண்டு கட்டடமும் கூப்பிடு தூரத்தில் ஒரே கோயிலுக்குள் நிற்பதால் பாடம் நடத்த வசதியும்கூட. போன வருடம் ஜூலை மழையில் ஒரு பெரியவர் அந்தச் சொற்பொழிவைப் பிரித்துப் போட்டார். அதிலிருந்து யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அந்த இடத்தில் வாய் வருவதில்லை.

மழைக்கு ஒதுங்கிய திண்ணை

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா அவர். கோயில்களைப் பிரித்து மாட்டும் தச்சு வேலையில் முப்பது வருடத்துக்குமேல் இருந்தவர். முழங்கால் போய்விட்டதால் இப்போது வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போயிருந்தோம். தேயுங்ஜொன் முன்னால் கைப்பிடிக் கிராதி வைத்த ஒரு மரத் திண்ணை உண்டு, புத்தர் கோயில்களில் அதிகம் பார்க்க முடியாத ஒன்று. மழை பிடித்துக்கொண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி ஒதுங்கினோம். சும்மா நிற்கிறோமே என்று நான் என் அரைகுறைக் கொரிய மொழியில் சொற்பொழிவை ஆரம்பித்துவிட்டேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை என்று அப்போது உறைக்கவில்லை.

முழுக்கக் கேட்டார். பிறகு தலைக்குமேலே, இரண்டு தூணுக்கு நடுவில் இருந்த போதிகையைக் குடையால் காட்டி, "அப்படியென்றால் இது வேஷம்தான். எடுத்துவிடலாமா?" என்றார். "எடுத்துவிடலாம், அபொனிம்" என்றேன். நண்பரின் அப்பாவை இங்கே அப்படித்தான் அழைக்க வேண்டும். அவர் குடையை இறக்கித் தரையைக் காட்டினார். ஓட்டு வரிசைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் மண்ணில் சின்னச் சின்னக் குழியாகத் தோண்டி, கட்டடத்தின் நீளத்துக்கும் ஒரே கோடு போட்டிருந்தது. "மழை எங்கே விழுகிறது பார். தூணுக்கு நேராக மட்டுமா விழுகிறது? கூரையும் அப்படித்தான் இறங்குகிறது, நீளம் முழுக்க. நடுவில் இறங்குகிறதை யார் தாங்குவது?"

இந்தக் கூரையின் பாரத்தை வெளியிலிருந்து பார்த்து ஊகிக்க முடியாது. கைமரங்களுக்குமேல் பலகையோ பிளந்த குச்சிகளோ பரப்பி, அதன்மேல் பள்ளத்தை நிரப்பக் கட்டைகளை அடுக்கி, அதற்குமேல் மண் கொட்டி மெத்தி, அப்புறம்தான் களிமண் வைத்து ஓடு பதிக்கிறார்கள். 2008 பிப்ரவரி 10ஆம் தேதி இரவு சோலில் சுங்ன்யேமுன் கோட்டை வாசலுக்கு ஒருவர் தீ வைத்தபோது, எவ்வளவு தண்ணீர் அடித்தும் அணையாமல் போனதற்கு இதுவும் காரணம். தீ உள்ளே அடுக்கிய கட்டைகளைப் பிடித்துக்கொண்டது, தண்ணீர் ஓட்டில் பட்டு வழிந்துவிட்டது. அவ்வளவு கனம் எதற்கு என்று கேட்டால், அந்தக் கனம்தான் கீழே இருக்கிற மூட்டுகளையெல்லாம் அழுத்தி இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார் பெரியவர். ஓட்டையும் மண்ணையும் இறக்கிய வீடு கையை வைத்தால் ஆடுமாம்.

சரி, நடுவில் யார் தாங்குவது? ஜூசிம்போவில் பதில் எளிது. கைமரங்கள் தோரி என்கிற உத்தரத்தின்மேல் படுத்திருக்கின்றன. அந்தத் தோரி தூணிலிருந்து தூணுக்குப் பாலம்போல ஓடுகிறது. நடுவில் விழுகிற பாரத்தை அது வாங்கி இரண்டு பக்கமும் பகிர்ந்து கொண்டுபோய்ப் போதிகையில் இறக்குகிறது, போதிகை தூணில் இறக்குகிறது. எல்லாப் பாரமும் உயரத்திலேயே திரண்டு, தூண் இருக்கிற இடத்தில் மட்டும் கீழே வருகிறது. தாபோவில் அப்படி இல்லை. நடுவிலும் போதிகை இருப்பதால் தோரிக்கு அங்கங்கே ஒரு கை கிடைக்கிறது. "அப்போது நடுவில் தாங்குவது போதிகை" என்றேன். "போதிகையை?" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் போதிகைக்குக் கீழே தூண் இல்லை. வாசல்தான் இருக்கிறது. ஏழு வருடமாக அண்ணாந்து அண்ணாந்து கொத்துகளைக் காட்டியிருக்கிறேன், அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்ததில்லை. பெரியவர் பேசவில்லை. இடது கையை விளிம்பு மேலே வருகிறமாதிரி செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் வலது உள்ளங்கையைப் படுக்கவைத்தார். தூண்களின் தலையை இணைத்துச் செங்குத்தாக நிற்கும் சட்டம் சாங்பாங். அதன்மேல் அகலமாகப் படுத்திருக்கும் கனத்த பலகை பியோங்பாங். வளையாமல் இருக்க ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, போதிகை உட்கார இடம் கொடுக்க மற்றது படுத்துக்கொள்கிறது. ஜூசிம்போவில் சாங்பாங் மட்டும் உண்டு. நடுவில் போதிகை வந்ததும் அதற்கு உட்கார ஒரு மணை தேவைப்பட்டது, அதுதான் பியோங்பாங். இரண்டு பாணிக்கும் வித்தியாசம் கேட்டால் கொத்தை எண்ணாதே, தூண் தலைக்குமேல் இந்தப் பலகை இருக்கிறதா என்று பார் என்றார். பழைய தாபோ கட்டடங்களில் இந்தப் பலகை நடுவில் இலேசாகத் தொய்ந்திருப்பதுண்டு. வேஷத்துக்கு வைத்தது ஒரு பலகையைத் தொய்யவைக்காது.

நான் வேலைக்காரன், வேஷக்காரன் என்று பிரித்தது பாரத்தை எங்கே திரட்டுவது என்பதில் இரண்டு தச்சர்கள் எடுத்த இரண்டு முடிவை. ஒருவர் மேலேயே திரட்டிக்கொண்டு தூணுக்கு வருகிறார். மற்றவர் பல கைகளால் பிரித்து வாங்கிக் கீழே பலகைக்குக் கொண்டுவந்து, அங்கே திரட்டித் தூணுக்குக் கொடுக்கிறார். தூணுக்கு வந்து சேர்வது என்னவோ ஒன்றுதான்.

மழை விட்டதும் அவர் என்னைக் குங்னாக்ஜொன்னுக்கு நடத்திக்கொண்டு போனார். எனக்குப் பரிச்சயமான அதே இடத்தில் நிறுத்தி, "நடுவில் ஒன்றும் இல்லை என்றாயே" என்றார். பார்த்தேன். சாங்பாங்குக்கு மேலே, அங்கணத்தின் நடுவில், பூவைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு மரத்துண்டு உட்கார்ந்து மேலே ஓடும் சட்டத்தை ஏந்திக்கொண்டிருந்தது. போக்ஹ்வாபான் என்று பெயர். பெயருக்கே கவிழ்ந்த பூ என்ற பொருள்தான். கொகுர்யோ என்ற பழைய அரசின் காலத்துக் கல்லறைச் சுவரோவியங்களில் இதைப் போன்ற ஒன்றைப் பார்க்கலாம் என்பதால் ஆய்வாளர்களுக்கு இந்தத் துண்டின்மேல் தனிப் பிரியம். 'தூணுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை' என்று பத்துத் தடவை நான் கைநீட்டிக் காட்டிய இடத்தில், அந்தக் கைக்கு நேராகவே அது இருந்திருக்கிறது.

ஆணியும் ஆண்டும்

அன்றைக்கு இன்னொன்றும் உடைந்தது. 'ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியது' என்பது இங்கே எல்லாருடைய வாயிலும் இருக்கிற வாசகம், என் வாயிலும் இருந்தது. தூணும் உத்தரமும் போதிகையும் ஒன்றில் ஒன்று செருகி நிற்பவை என்பது சரிதான். ஆனால் கைமரத்தைத் தோரியில் இரும்பு ஆணி வைத்துத்தான் அடிக்கிறார்கள், அதற்கென்றே நீள ஆணி உண்டு. "அடிக்காமல் வைத்தால் ஓட்டோடு சேர்ந்து உன் தலைக்குத்தான் வரும்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என் மற்ற வாசகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 'ஜூசிம்போ பழையது, தாபோ பின்னால் வந்தது' என்பது அதில் ஒன்று. பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் தப்பில்லை. குங்னாக்ஜொன்னை 1972இல் பிரித்தபோது கிடைத்த எழுத்து, 1363இல் கூரையைச் செப்பனிட்டதாகச் சொல்கிறது. செப்பனிட வேண்டிய நிலை வருவதற்கு நூறு வருடமாவது ஆகியிருக்கும் என்று கணக்குப்போட்டுத்தான் அதை நாட்டிலேயே பழையது என்கிறார்கள். யேசானில் உள்ள சுதொக்சா கோயிலின் தேயுங்ஜொன் (இந்தப் பெயர் பல கோயில்களில் உண்டு) 1308, அதுவும் ஜூசிம்போ. சரி. ஆனால் எல்லாரும் கொண்டாடும் பூசொக்சாவின் முர்யாங்சுஜொன், ஜூசிம்போவின் உச்சம் என்று பாடப்புத்தகம் சொல்வது, எரிந்துபோய்த் திரும்பக் கட்டப்பட்டது 1376இல். இன்று வடகொரியாவில் இருக்கும் சிம்வொன்சாவின் போக்வாங்ஜொன் தாபோ, அதன் ஆண்டு 1374. தாபோவுக்கு இரண்டு வயது கூட! நான் மழைக்கு ஒதுங்கிய தேயுங்ஜொன் 1435இல் புதுப்பிக்கப்பட்டதற்கு எழுத்து இருக்கிறது, உள்ளே புத்தர் பீடத்தில் கிடைத்த மை எழுத்தோ 1361 என்கிறது. அண்ணன் தம்பி என்று நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தவர்கள் ஒரே தெருவில் ஒரே காலத்தில் வேலை பார்த்தவர்கள்.

அப்படியென்றால் ஒரு தச்சன் எதை வைத்து முடிவெடுத்தான்? நான் புரிந்துகொண்ட வரை, முக்கியமான காரணம் கூரையின் மூலை. இரண்டு சாய்ப்பாக மட்டும் இறங்கும் கூரையில் முன்னாலும் பின்னாலும்தான் பாரம். பக்கச் சுவருக்கு வேலை குறைவு, மூலை என்று தனியாக ஒரு சிக்கல் கிடையாது. தூண் தலையில் மட்டும் போதிகை வைத்துச் சமாளிக்கலாம். குங்னாக்ஜொன்னும் சுதொக்சாவும் அப்படி. நான்கு பக்கமும் இறவாரம் இறங்கும் கூரை வேண்டுமென்றால் கதை மாறுகிறது. மூலையில் குறுக்காக ஒரு பெரிய கைமரம் வெளியே நீள்கிறது, இரண்டு பக்கத்துப் பாரமும் அதன்மேல்தான் சாய்கிறது. நாலா பக்கமும் வரிசையாகப் போதிகை சுற்றிவருகிற தாபோவுக்கு இந்தக் கூரை இயல்பாகப் பொருந்துகிறது. அரண்மனைகளின் பெரிய மண்டபங்கள் தாபோவாக இருப்பதற்கு ஆடம்பரம் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 1867இல் திரும்பக் கட்டிய கியோங்போக்குங்கின் கூன்ஜொங்ஜொன் முன்னால் நின்றவர்கள் யாரும் அது அடக்கமான கட்டடம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த அளவுக் கூரையைத் தூண் தலைகளை மட்டும் நம்பி ஏற்றச் சொன்னால் எந்தத் தச்சனும் யோசிப்பான்.

போதிகையின் இன்னொரு வேலையைப் பற்றி நான் சொற்பொழிவில் சொன்னதே இல்லை. அது பாரத்தைக் கீழே இறக்குவது மட்டுமல்ல, வெளியே கையும் நீட்டுகிறது. மரக் கட்டடத்தின் எமன் தூணின் அடியில் ஏறும் ஈரம். அதனால் இறவாரம் கல் மேடையையும் தாண்டி வெளியே நீள வேண்டும். அவ்வளவு தூரம் கைமரம் அந்தரத்தில் நீண்டால் தொங்கிப்போகும். போதிகை படிப்படியாக வெளியே கை நீட்டி அங்கே இன்னொரு தோரியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. வெளிப்பக்கக் கையை இறவாரம் அழுத்துகிறது, உள்பக்கக் கையை உட்கூரை அழுத்துகிறது, நடுவில் தூண். வான்ஜு பக்கத்தில் மலைக்குள் ஒளிந்திருக்கும் ஹ்வாஅம்சாவில் இதை ஒளிவுமறைவில்லாமல் பார்க்கலாம். 1605இல் கட்டிய அந்தக் கோயிலின் குங்னாக்ஜொன்னில் ஹாஅங் என்கிற சாய்ந்த நீள மரங்கள் ஏற்றமரம் மாதிரி வேலை செய்கின்றன. ஒரு முனை இறவாரத்தைத் தூக்க, மறு முனையைக் கூரையின் கனம் அமுக்கிப் பிடிக்கிறது. கொரியாவில் ஹாஅங்கோடு மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான்.

போதிகை வைக்கக் கூடாத வீடுகள்

என் பழைய உவமை முழுக்கப் பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. போதிகை அந்தஸ்தாகவும் இருந்தது. 1431இல் அரசர் சேஜொங் காலத்தில் வீட்டளவுக்கு விதி போட்டார்கள். அரசியின் மகனான இளவரசருக்கு 60 அங்கணம், மற்ற இளவரசர்களுக்கும் இளவரசிகளுக்கும் 50, உயர் அதிகாரிக்கு 40, அதற்குக் கீழே 30, சாதாரணக் குடிமகனுக்கு 10. கூடவே, வீடுகளில் செதுக்கிய போதிகையும் பளிச்சென்ற வண்ணப்பூச்சும் கூடாது. நாம் ஹனோக் என்று சுற்றிப்பார்க்கப் போகிற மரவீடுகளில் தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கைமரம் என்று மொட்டையாக இருப்பதற்கு எளிமை விரும்பும் மனம்தான் காரணம் என்று நானே எங்கோ எழுதியிருக்கிறேன். எளிமையை விரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். விரும்பாதவனுக்கும் அதுதான் கிடைத்தது.

இரண்டுக்கும் நடுவில் இக்கோங் என்று ஒரு வழி பிறந்தது. தூண் தலையிலிருந்து ஒரு சிறகு போன்ற துண்டு மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும், அடுக்கெல்லாம் கிடையாது. சேஜொங்கின் வம்சமான ஜோசொன் அரசர்களின் காலத்தில் கல்விக்கூடங்கள், மண்டபங்கள், அரண்மனையின் இரண்டாம்தரக் கட்டடங்கள் என்று எங்கும் பரவியது. கங்னுங்கில் உள்ள ஓஜுக்ஹொன் வீடு இதன் ஆரம்பகால உதாரணம், 5,000 வொன் நோட்டில் இருக்கிறது. தினமும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அரச முன்னோரின் பெயர்ப்பலகைகளை வைத்து வணங்கும் ஜோங்மியோவின் நீண்ட மண்டபமும் இக்கோங்தான். நாட்டிலேயே புனிதமான கட்டடத்துக்குத் தாபோ வைக்கவில்லை என்பதை யோசித்தால், ஆடம்பரம் அடக்கம் என்று நான் போட்ட கோடு அங்கேயும் நேராக ஓடவில்லை.

பெரியவரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன், உங்களுக்கு எது பிடிக்கும் என்று. யோசிக்காமல் "குங்னாக்ஜொன்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பின்னே என் சொற்பொழிவை எதற்குக் கெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்" என்றார்.

இதை எழுத உட்கார்ந்தபோது முர்யாங்சுஜொன்னில் நான் எடுத்த பழைய படங்களைத் தேடி எடுத்தேன். ஜூசிம்போ, ஆனால் நான்கு பக்கமும் இறங்கும் பெரிய கூரை. மேலே சொன்ன மூலைச் சிக்கல் அங்கே எப்படித் தீர்ந்தது என்று பார்க்க ஆசை. நடுவில் இலேசாகப் பருத்த அந்தப் பெயர்பெற்ற தூண்கள் எல்லாப் படத்திலும் இருக்கின்றன. தூணில் சாய்ந்து நிற்கும் நானும் இருக்கிறேன். மூலை ஒன்றில்கூட இல்லை. கடைசியில் மைத்துனன் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய ஒரு படத்தில், கூரையின் கோடியில் நீண்டுவரும் கைமரத்துக்கு அடியில், ஒல்லியாக ஒரு முட்டுக்கால் தரைவரை இறங்கி நிற்பது தெரிந்தது. ஹ்வால்ஜு என்பார்கள். நான்கு மூலைக்கும் நான்கு. அது படத்தில் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஒவ்வொரு தடவையும் இரண்டடி உள்ளே தள்ளி நின்று படமெடுத்திருக்கிறேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.